சின்னியம்பாளையம் கொலை வழக்கு: நால்வருக்குக் கிடைக்காத கருணை

1946 ஜனவரி 8, செவ்வாய்க்கிழமை. கோவை மத்தியச் சிறையில் இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு பஞ்சாலைத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நால்வரும் ரங்கவிலாஸ் மில்லில் வேலை பார்த்தவர்கள். கம்யூனிஸ்டுகள் கட்டிய தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவர்கள். பொன்னான் என்பவரைக் கொன்றதாக அவர்கள்மீது குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தது.

அவிநாசி சாலையில் கோவையிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்குச் சின்னியம்பாளையம் தெரியும். பீளமேட்டையும் விமான நிலையத்தையும் தாண்டியதும் வரும் ஊர். இந்த வழக்கை அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பேசுகிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 8 அன்று இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அங்கே கூடி அந்த நால்வரையும் நினைவுகூர்கின்றன. கொங்கு நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அவர்கள் சின்னியம்பாளையம் தியாகிகள்.

அந்தப் பெயருக்கு அவர்கள் உரியவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தியாகக் கதையாக மட்டும் சொல்லும்போது, வழக்கு எப்படித் தூக்குமேடைவரை போனது என்ற கேள்வி கதைக்குள் மறைந்துபோகிறது. 'வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான்' என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடுகிறது. அன்றைய சட்டப்படி நால்வரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்ததில் பெரிய வியப்பு இல்லை. நால்வரும் சாகத்தான் வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த முடிவை எடுத்தது ஒரு அரசாங்கம். அதே அரசாங்கம் அதே மாதங்களில் வேறு சிலரைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. நான் பேச விரும்புவது இதைத்தான்.

மில்லும் ஊரும்

கோவையின் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. ஊரார் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். அதன்பிறகு பல ஆண்டுகள் மில்கள் ஒன்றிரண்டாகத்தான் முளைத்தன. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கி, மலிவான மின்சாரம் கீழே இறங்கியதும் நிலைமை மாறியது. அவிநாசி சாலை, திருச்சி சாலை ஓரங்களில் புகைபோக்கிகள் எழுந்தன. கரிசல் மண்ணில் பருத்தி இருந்தது, கிணற்றுப் பாசனத்தில் சம்பாதித்த பணம் இருந்தது. மழை பொய்த்தால் வேலை தேடி வரக்கூடிய கிராமத்து ஜனமும் இருந்தது.

வந்தவர்கள் பெரும்பாலும் காட்டு வேலையை விட்டு வந்தவர்கள். மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கருக்கலிலேயே கிளம்பி, பல மைல் நடந்து வந்து வேலை பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். வேலைக்குச் சேர்ப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரியின் கையில். அவரைப் பகைத்துக்கொண்டால் மறுநாள் வேலை இல்லை. பெண்களுக்கு இது இன்னும் கொடுமை, ஏனென்றால் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் கேட்டது வேலை மட்டுமில்லை.

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்ததையொட்டி கோவை மில்களில் வேலைநிறுத்தங்கள் அலையலையாக எழுந்தன. சங்கம் பலமாகும்போதெல்லாம் அதை உடைக்க அடியாட்கள் வருவதும் அந்தக் காலத்து வழக்கம். என்.ஜி. ராமசாமி மாதிரி ஊரறிந்த தொழிற்சங்கத் தலைவரே அடியாட்களின் தாக்குதலுக்கு ஆளானவர். அவர் 1943 பிப்ரவரியில் இளம் வயதிலேயே இறந்தார். தலைவருக்கே அந்தக் கதி என்றால், சங்கத்துக்குச் சந்தா கொடுத்த சாதாரணத் தொழிலாளியின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

அப்புறம் உலகப் போர். நூலுக்கும் துணிக்கும் கிராக்கி ஏறியது. மில்கள் ஓய்வில்லாமல் ஓடின. அரிசி விலையும் ஏறியது. கூலி அதை எட்டிப்பிடிக்கவில்லை. 1942 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சிமீதான தடை நீங்கியதால் சங்க வேலை வெளிப்படையாக நடந்தது. அடுத்த மாதமே வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. சிங்காநல்லூர் அருகே ரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று சூலூர் விமானத்தளம் எரிக்கப்பட்டது. சின்னியம்பாளையத்திலிருந்து சூலூர் கூப்பிடு தூரம். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் போலீசின் பார்வையில் கலகக்காரப் பூமியாக ஆனது. கம்யூனிஸ்டுகள் அந்தப் போராட்டத்தை எதிர்த்தவர்கள், போரை மக்கள் யுத்தம் என்றவர்கள். இந்த நிலைப்பாடு இந்த வழக்கின் கடைசிக் கட்டத்தில் என்ன செய்திருக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நடந்தது

தொழிலாளர் தரப்பு தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது இது. சங்கத்தை ஒடுக்க நிர்வாகத் தரப்பு அடியாட்களை வைத்திருந்தது. அவர்களில் முக்கியமானவர் பொன்னான். சங்கத்தில் இருந்தவர்களை வழிமறித்து அடிப்பது, மிரட்டுவது, வேலை முடிந்து திரும்பும் பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஆகியவை நாள்தோறும் நடந்தன. சங்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளியை அந்தக் கூட்டம் தூக்கிப்போய்ச் சீரழித்தது. அதுவரை பொறுத்திருந்த தொழிலாளர்கள் திருப்பி அடிக்க எழுந்தார்கள். அந்தத் தாக்குதலில் பொன்னான் உயிர் போனது.

போலீஸ் பார்வையில் இது பழிவாங்கும் கொலை. பலர் சேர்ந்து ஒருவரை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். முன்னணியில் இருந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்குக் கட்ட அது போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொன்னானை 'ரவுடி' என்ற ஒரே சொல்லோடு கடந்துபோவதுதான் வழக்கம். அவர் செய்ததாகச் சொல்லப்படுவது கொடுமை, அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியவர். அந்தப் பெண் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தால் அவளுடைய புகாரை எழுதி வாங்கி, மில் வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஒருவரைக் கைது செய்யும் போலீஸ் அன்று இருந்திருந்தால், பொன்னானும் உயிரோடு இருந்திருப்பார், இந்த நால்வரும் இருந்திருப்பார்கள். ஐந்து சாவுக்கும் அந்த இடத்தில்தான் வேர். வழக்கு விசாரணையில் குற்றவாளிக் கூண்டு ஏறாத ஒரே தரப்பும் அந்தப் போலீஸ்தான்.

சட்டம் எங்கே இடம் கொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை

மானபங்கத்தைத் தடுக்கப்போய் நடந்த கொலைக்குத் தூக்கா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அதனால் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு, பாலியல் வன்முறை நோக்கத்தோடு வரும் தாக்குதலையும் ஆளைக் கடத்திக்கொண்டு போவதையும் தடுக்க, தாக்குபவரின் உயிரையே எடுக்கும் அளவுக்குத் தற்காப்பு உரிமை கொடுத்தது. தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமில்லை, இன்னொருவரைக் காக்கவும் அந்த உரிமை உண்டு. ஆனால் 102-வது பிரிவு ஒரு எல்லை போட்டது. ஆபத்து நிலைக்கும்வரைதான் அந்த உரிமையும் நிலைக்கும். பெண்ணைத் தூக்கிப்போகும் அந்த நேரத்தில் நடந்திருந்தால் அது காப்பு. அதற்குப் பிறகு கூடி, தேடிப்போய் அடித்தால் சட்டத்தின் கண்ணில் அது பழிவாங்கல்.

அடுத்த வழி, 300-வது பிரிவின் முதல் விலக்கு. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் தன்னை இழந்து ஒருவர் கொன்றுவிட்டால் அது 'கொலை' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கும். தூக்கு கிடையாது. ஆத்திரம் கடுமையாக இருந்தது என்பதில் இங்கே வாதமே இல்லை. 'திடீர்' என்ற சொல்தான் இடித்தது. மாதக்கணக்கில் அடியும் மிரட்டலும் வாங்கிச் சேர்ந்த கோபம் சட்டத்துக்குத் திடீர்க் கோபம் ஆகாது. இது எனக்கு மிகப்பெரிய அநியாயமாகப் படுகிறது. ஒரே நாளில் கொதித்தவனுக்குச் சலுகை உண்டு, நெடுநாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவனுக்கு இல்லை. பலம் இல்லாதவர்களின் கோபம் எப்போதுமே மெதுவாகத்தான் கொதிக்கும், ஏனென்றால் உடனே திருப்பி அடிக்க அவர்களுக்கு வசதி இருப்பதில்லை.

மூன்றாவது, யார் கை? ஒரு கூட்டம் அடித்து ஒருவர் செத்தால் எந்த அடி உயிரை எடுத்தது என்பதைத் தேட வேண்டிய தேவையைச் சட்டம் பெரிதும் நீக்கிவிட்டது. 34-வது பிரிவு, பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தானே தனியாகச் செய்ததுபோலப் பொறுப்பு என்றது. 149-வது பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தவர்களையும் அதேபோலப் பிடித்தது. கல்கத்தாவில் ஒரு போஸ்ட்மாஸ்டர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1920-களில் கொடுத்த தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது. சுடாமல் வெளியே நின்றவரும் சுட்டவருக்குச் சமம் என்றது.

ஆனால் அதே பிரிவி கவுன்சில் 1945 ஜனவரியில் மெகபூப் ஷா வழக்கில் வேறொரு பக்கத்தையும் காட்டியது. சிந்து நதிக் கரையில் நாணல் வெட்டியதில் மூண்ட தகராறு. சுட்டவர் ஒருவர், தூக்குத் தண்டனை கூட இருந்த இன்னொருவருக்கு. ஆளுக்கொரு நோக்கம் ஒரே மாதிரி இருப்பது வேறு, முன்கூட்டியே ஒத்துப்போன பொது நோக்கம் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று சொல்லிக் கொலைத் தண்டனையை ரத்து செய்தார்கள். அடித்துப் பாடம் புகட்ட வேண்டும் என்று போன கூட்டத்துக்கும் கொன்றே தீருவது என்று போன கூட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதைச் சொல்ல அன்றைய சட்டத்திலேயே இடம் இருந்தது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இவற்றோடு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தால்தான் 1940-களின் கொலை விசாரணை எப்படி இருந்தது என்பது புரியும்.

ஒன்று, அன்று குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகத் தானே சாட்சிக் கூண்டு ஏறிச் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-வது பிரிவின்படி நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு விளக்கம் சொல்லலாம், அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்குச் சாட்சியத்தின் எடை கிடையாது. எதிர்த்தரப்பு ஆட்கள் சத்தியம் செய்து சொன்னதற்கு எதிராக ஒரு மில் தொழிலாளி சத்தியம் செய்து தன் கதையைச் சொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். 1898-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367-வது பிரிவில் ஐந்தாம் உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. தூக்குத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்குத் தூக்கு விதிக்காமல் விட்டால், ஏன் விதிக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். தூக்குப் போட்டால் காரணம் எழுத வேண்டியதில்லை. கொலைக்குத் தூக்கு என்பதே வழக்கமான தண்டனை, கடல் கடந்து நாடுகடத்தி அடைக்கும் தீவாந்தர தண்டனைதான் விதிவிலக்கு. தண்டனையின் அளவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு விசாரணை நடத்தும் முறையும் கிடையாது. குடும்ப நிலை என்ன, எந்தச் சூழலில் தூண்டப்பட்டார்கள், முன்பு எந்தக் குற்றமாவது செய்தவர்களா என்பதையெல்லாம் எடுத்துவைக்க ஒரு நாள் கூட ஒதுக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட சட்டத்தின் கீழேதான் நால்வருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது.

மேலே போன படிகள்

செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. குற்றவாளி அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும் கோப்பு மேலே போகும், குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். அவர்கள் நினைத்தால் தண்டனையை மாற்றலாம், விடுதலையே கூடச் செய்யலாம். அதற்கு மேலே லண்டனில் பிரிவி கவுன்சில். கிரிமினல் வழக்கில் அங்கே அப்பீல் உரிமை என்று எதுவும் கிடையாது, சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். சாட்சியத்தை மறுபடி எடைபோட அவர்கள் தயாராக இருந்ததில்லை. விசாரணை முறையே கெட்டுப்போய்ப் பெரிய அநீதி நடந்திருந்தால்தான் தலையிடுவார்கள். மில் தொழிலாளியின் வழக்கு அங்கே நிற்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நீதிமன்றங்கள் இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போனபிறகு கருணைதான் மிச்சம்.

கருணை யாருக்குக் கிடைத்தது

கவர்னருக்கும் வைஸ்ராய்க்கும் தூக்கைக் குறைக்கும் அதிகாரம் இருந்தது. அப்போது சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப், வைஸ்ராய் வேவல். ராஜாஜி மந்திரிசபை 1939 அக்டோபரில் பதவி விலகியதிலிருந்து மாகாணத்தில் மந்திரிகளே கிடையாது. கவர்னரும் அவருடைய ஐ.சி.எஸ். ஆலோசகர்களும்தான் அரசாங்கம். கருணை மனுவைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று எழுதுகிற கை நாளை யாரிடமும் ஓட்டுக் கேட்கப் போகாத கை.

சரி, அந்த அரசாங்கம் யாருக்குமே இரங்கவில்லையா? இரங்கியது.

1942 ஆகஸ்டில் மத்திய மாகாணத்தின் சிமூர், ஆஷ்டி ஊர்களில் அதிகாரிகளும் போலீசாரும் கொல்லப்பட்டார்கள். தூக்கு விதிக்கப்பட்டவர்களுக்காகக் காந்தி உட்பட நாடே கேட்டது. 1945-ல் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

நம் மாகாணத்திலேயே குலசேகரன்பட்டினம் வழக்கு. 1942 செப்டம்பரில் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். ராஜகோபாலன், காசிராஜன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்கு. அந்தத் தூக்கும் ஆயுளாகக் குறைந்தது. 1946-ல் இருவரும் வெளியே வந்தார்கள். செத்தவர் வெள்ளைக்காரர், அதுவும் அரசாங்க அதிகாரி என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று நாள் கணக்கில் பக்கத்திலேயே நிற்கிறது. செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது நிரூபணமாகி, ஆயுள்காலத் தீவாந்தரம் விதிக்கப்பட்டது. ஷா நவாஸ் கான்மீது கொலைக்கு உடந்தை என்ற குற்றமும் உறுதியானது. 1946 ஜனவரி 3 அன்று தளபதி ஆக்கின்லெக் தண்டனையைத் தள்ளுபடி செய்து மூவரையும் விடுவித்தார். நாடெங்கும் கொண்டாட்டம். ஐந்து நாள் கழித்துக் கோவைச் சிறையில் நான்கு தூக்கு.

இந்த மூன்று கருணைகளையும் நான் குறை சொல்லவில்லை. கிடைத்ததெல்லாம் நியாயமாகக் கிடைத்தவை. ஆனால் அவை எதனால் கிடைத்தன? பத்திரிகை எழுதியது, வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள், காங்கிரஸ் பின்னால் நின்றது, தூக்கிலிட்டால் ஊர் எரியும் என்ற பயம் அரசாங்கத்துக்கு இருந்தது. சின்னியம்பாளையம் நால்வருக்காகக் கேட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் மில் தொழிலாளர்களும்தான். போரை ஆதரித்ததால் கம்யூனிஸ்டுகளுக்கும் காங்கிரசுக்கும் நடுவில் அப்போது பேச்சுவார்த்தையே இல்லை. 1945 கடைசியில் தனக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைக் காங்கிரஸ் வெளியேற்றிய நேரம் அது. பொதுத்தேர்தல் வேறு நடந்துகொண்டிருந்தது. கோவையின் பெரிய மனிதர்களில் பலர் மில் முதலாளிகள், அவர்களில் பலர் காங்கிரசுக்கு வேண்டியவர்கள். கொல்லப்பட்டது உள்ளூர் ஆள், கொன்றதாகச் சொல்லப்பட்டவர்கள் தொழிலாளிகள். இதில் தேச விடுதலை எங்கே வருகிறது என்று கேட்டிருப்பார்கள். நால்வரும் அந்தப் பிளவுக்குள் விழுந்தார்கள் என்பதே என் முடிவு.

இதற்கு ஒரு முன்னோடியும் இருந்தது. கையூர் வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் 1941 மார்ச்சில் விவசாயிகள் ஊர்வலம் போனபோது சுப்பராயன் என்ற போலீஸ்காரர் ஆற்றில் விழுந்து இறந்தார். கம்யூனிஸ்ட் விவசாய சங்கத்தைச் சேர்ந்த நான்கு பேர் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு வயது குறைவு என்பதால் தப்பினார். அங்கும் கூட்டத்தின் செயல், சங்கத்தின் முன்னணியாளர்கள், கவர்னர் ஆட்சி. நால்வர் என்ற எண்ணிக்கையும் அதேதான். கூட்டமாக நடந்த ஒரு கொலைக்கு ஒரு உயிருக்குப் பதில் நான்கு உயிர் என்ற கணக்கை அந்த அரசாங்கம் ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தது.

மார்கழியில் ஒரு செவ்வாய்

பொங்கலுக்கு ஒரு வாரம் கூட இல்லை. கோவைச் சிறைக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. வ.உ.சி. 1908-லிருந்து 1910 வரை அடைபட்டுச் செக்கிழுத்தது அங்கேதான். அந்தச் செக்கை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அதே மதிலுக்குள் நடந்த இந்த நான்கு தூக்குகளைக் கோவையில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? வ.உ.சி.யைத் தேசம் தன்னவராக எடுத்துக்கொண்டது. இவர்களை ஒரு இயக்கம் மட்டும் தன் தோளில் வைத்திருக்கிறது. அந்த இயக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

அதன் பிறகு

தூக்குக்குப் பிறகு நான்கு மாதம் முடிவதற்குள், 1946 ஏப்ரல் 30 அன்று பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. குலசேகரன்பட்டினம் கைதிகள் மாதிரிப் பலர் அந்த ஆண்டு விடுதலையானார்கள். நால்வரின் தூக்கை அந்த நான்கு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் மில்லில் தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டது. 11 பேர் இறந்தார்கள். அப்போது கவர்னர் ஆட்சி இல்லை, ஓட்டு வாங்கி வந்த மந்திரிசபை. கோவை மில் தொழிலாளி விஷயத்தில் ஆட்சி மாறியதும் மனசும் மாறியிருக்கும் என்று எப்படி உறுதி சொல்வது? மனு ஒரு மந்திரியின் மேஜைக்குப் போயிருக்கும், சட்டமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயமாவது இருந்திருக்கும். அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

சட்டமும் மாறியது. 1955-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, தூக்குப் போடாததற்குக் காரணம் எழுத வேண்டும் என்ற வரியை நீக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் சாட்சிக் கூண்டு ஏறலாம் என்ற உரிமையும் அப்போதுதான் வந்தது. 1973 சட்டம் தலைகீழாக்கியது. இனி தூக்குப் போட்டால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். தண்டனை பற்றித் தனி விசாரணையும் நடக்க வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்கில் மட்டும் தூக்கு என்றது. 2014-ல் சத்ருகன் சவுகான் தீர்ப்பு, கருணை மனு தள்ளுபடியான பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் வேண்டும், கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. சின்னியம்பாளையம் வழக்கை இன்றைய அளவுகோலில் வைத்தால் நால்வருக்கும் தூக்கு நிற்காது என்பது என் உறுதியான கருத்து. பின்னணியில் பாலியல் கொடுமை, கூட்டமாக நடந்த தாக்குதல், யார் அடியில் உயிர் போனது என்ற கேள்வி. இவற்றில் ஒன்றே தண்டனையைக் குறைக்கப் போதும்.

இதைச் சொல்லும்போது இன்றைய கோவை மனநிலையும் நினைவுக்கு வருகிறது. 2010-ல் இரண்டு பள்ளிக் குழந்தைகள் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், கைதானவர்களில் ஒருவர் என்கவுன்டரில் செத்தபோது ஊரில் பட்டாசு வெடித்தது. இன்னொருவருக்கு விதித்த தூக்கை உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதிசெய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் தண்டனை அளவில் மட்டும் மாறுபட்டார். அந்தக் குழந்தைகளுக்கு நடந்ததை நினைத்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். அந்தக் குற்றத்தையும் 1940-களில் நடந்ததையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஊர் முழுக்க ஒரே குரலில் தூக்குக் கேட்கும்போதும், ஊர் முழுக்க மௌனமாக இருக்கும்போதும், கோப்பைப் படித்து முடிவெடுக்கிறவர்மேல் ஒரு பாரம் விழத்தான் செய்கிறது. 1946-ல் விழுந்தது மௌனத்தின் பாரம்.

இந்த வழக்கின் தீர்ப்பும், சாட்சிகளின் வாக்குமூலமும், கருணை மனுவின் மேல் கவர்னர் மாளிகையில் எழுதப்பட்ட குறிப்புகளும் தமிழில் முழுமையாக அச்சில் வர வேண்டும். இயக்கத்தின் நினைவு மலர்கள் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்திருக்கின்றன. இனி அதைச் செய்ய வேண்டியவர்கள் கோவையின் வக்கீல்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும்தான். அந்தப் புத்தகத்தில் நால்வரின் வீட்டாருக்கும், பெயர் சொல்லாமல் அந்தப் பெண்ணுக்கும், பொன்னான் வீட்டாருக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.